கற்பூரத்தை அணைத்த கை

தண்டபாணிக்கு,

நலம் என்று தொடங்க இந்த முறை கை வரவில்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறாள். ஜீப்பும் நன்றாக இருக்கிறது, கொட்டகையில் சும்மா நிற்கிறது. ஓட்டுகிற ஆள்தான் சரியில்லை. ஓசூரிலிருந்து நீ போட்ட கடிதத்தை அம்மாதான் வாசித்தாள். "கல்யாணம் முடிஞ்சதும் பழனியிலருந்து வீடு வரைக்கும் நீங்கதான்ப்பா ஜீப் ஓட்டணும். பாச்சலூருக்கு வந்த மருமகளுக எல்லாரையும் ஏத்திட்டு வந்த கை, என் பொண்டாட்டிய மட்டும் விட்டுரக் கூடாது" என்று எழுதியிருந்தாய். அந்த வரி வந்ததும் தாளை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் ஓட்ட மாட்டேன், பாணி. அன்றைக்கு நானே வந்து ஓட்டுகிறேன் என்று குதித்தாலும் நீ சாவியைக் கொடுக்கக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் அதைவிடக் கேவலம்.

இந்தக் கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள். அம்மா பக்கத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டு இருக்கிறாள். ஒரு பத்தி எழுதியதும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் தலையாட்டினால்தான் அடுத்தது. நேற்று நானாக உட்கார்ந்து எழுதினேன். கமலா ஆரஞ்சு இந்த வருஷம் காய்க்கவில்லை என்று ஆரம்பித்து, உன் சித்தப்பாவின் பம்புசெட்டில் போய் நின்றேன். உன் கல்யாணம் அதில் எங்கேயுமே இல்லை. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது யாருக்கு எழுதுன கடுதாசி, பம்புசெட்டுக்கா?" என்றாள். சிரித்தேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துவிடுகிறது. வரக்கூடாத இடத்திலும் வருகிறது.

நான் எப்படி வண்டி ஓட்டியவன் என்று உனக்குத் தெரியும். மலை இறங்கும்போது செகண்ட் கியர், அப்போதுதான் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், பின்னால் பலாக்காய் ஏற்றியிருந்தாலும் ஆள் ஏற்றியிருந்தாலும் செகண்ட் கியர். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் வண்டியை உருட்டி இறக்குகிற பயல்களை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வைத்தே கிழிப்பேன். "டீசல மிச்சம் பிடிக்கிறானாம் டீசல, உசிரச் செலவழிச்சு!" என்பேன். தரகுக் கடைக்காரர்கள் எல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். என் பெயரே அதில்தான் இருந்தது.

கோளாறு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் பார்த்தவள் அம்மா. காபி போடுகிறேன் என்று போய், பாலை அடுப்பில் வைத்து, டம்ளரைக் கழுவி, சீனியை எடுத்து வைத்துவிட்டு, ரேடியோவைத் திருகப் போய்விடுவேன். பால் பொங்கித் தீய்ந்த பிறகு அம்மா வந்து கத்துவாள். டீசல் பில்டரைக் கழற்றுவேன், பாதியில் விட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிப்பேன், தழையையும் அங்கேயே போட்டுவிட்டு வேறு எதற்கோ போவேன். மேலத்தெரு பெரியவர் செத்த வீட்டில் அவர் பல்செட்டைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டேன். "மகன் கம்பெனியில சேந்ததும் ஆளுக்குத் திமிரு ஏறிப்போச்சு" என்று ஊர் பேசியது. அம்மா நான் ஒளிந்து குடிக்கிறேன் என்று நினைத்து வாயை மோந்து பார்த்தாள். ஒரு நாற்றமும் இல்லை.

எங்கள் எல்லோருக்கும் கண்ணை மறைத்தது ஞாபகம்தான், பாணி. நம் ஊரில் ஒருவனுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்ன செய்வார்கள்? பேர் கேட்பார்கள், தேதி கேட்பார்கள். உன் சித்தப்பாவும் அப்படித்தான் என்னை டீக்கடையில் உட்கார வைத்து, "அண்ணே, மேலருந்து கீழ வரைக்கும் வளைவெல்லாம் சொல்லுங்க பாப்போம்" என்றான். நான் ஒன்று விடாமல் சொன்னேன். எந்த வளைவில் எவன் லாரி கவிழ்ந்தது, அதில் என்ன லோடு, எந்தப் பாறைக்குப் பக்கத்தில் தண்ணீர் கசியும், எல்லாம். "அண்ணனுக்கு மூளை கல்லு மாதிரி இருக்கு" என்று அவனே டீக்குக் காசு கொடுத்தான். கருப்பசாமி கோயிலில் நின்று கற்பூரம் ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் மலை இறங்குவோமே, அதிலும் நான் ஒரு நாளும் தவறவில்லை. அதைப் பார்த்து அம்மாவும் ஆறுதல் அடைந்தாள். சாமியை மறக்காதவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம்.

போன ஐப்பசியில் நடந்த விபத்தை நாங்கள் எழுதிய அளவுக்குத்தான் நீ அறிவாய். பிரேக் பிடிக்கவில்லை, வடகாட்டுக்கு மேலே உள்ள வளைவில் ஜீப் மலைப்பக்கம் மோதியது, பேச்சி அத்தைக்குக் கை ஒடிந்தது, சாமி புண்ணியத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை என்று எழுதினோம். அன்றைக்குப் பின்னால் காபிக்கொட்டை மூட்டைகளும் சந்தைக்குப் போகிற பெண்களும் இருந்தார்கள். கீழேயிருந்து லாரி ஏறி வந்தது. நான் ஒதுங்கவில்லை. கடைசி நேரத்தில் மலைப்பக்கம் ஒடித்தேன். அந்தப் பக்கம் ஒடிக்க எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. பழகிய கை செய்திருக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒடித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பேச்சி அத்தையின் கை இன்னமும் நேராகவில்லை. பழத்தைக்கூட இடது கையால்தான் உரிக்கிறாள்.

முந்தின நாள்தான் ராமையாவிடம் வண்டியைக் கொடுத்துப் பிரேக் வேலை பார்த்திருந்தேன். ராமையாவை உனக்குத் தெரியும், சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர், ஒட்டன்சத்திரம் ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் போட்டிருந்தார். மலை வண்டிகள் பாதி அவரிடம்தான் போகும். விபத்து நடந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக்கு பிடிக்கல." ராமையா மலைக்கே ஏறி வந்துவிட்டார். கருப்பசாமி கோயிலில் ஊர் கூடியது. "அண்ணே, என் வேலையில குத்தம் இருந்தா செருப்பால அடிங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வண்டி கியர்ல இருந்துச்சா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னைப் பார்த்து, அதுவும் ஊர் முன்னால், கியரில் இருந்ததா என்று ஒருவன் கேட்பதா! "செகண்ட் கியர்லதான்யா இருந்துச்சு" என்று கத்தி, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினேன். அதற்கு மேல் நம் பக்கத்தில் பேச்சு ஏது? மலை வண்டிகள் அவரிடம் போவதை நிறுத்தின. "சிலோன்காரன் கைவேலை" என்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. பொங்கலுக்குள் அவர் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்.

நான் தெரிந்தே பொய் சொன்னேனா? இந்தக் கேள்வியை அம்மா கேட்டுவிட்டாள், நானும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கண்ணை மூடினால் என் கை கியர் கம்பியைச் செகண்டுக்குத் தள்ளுவது அப்படியே தெரிகிறது. ஆனால் அது அன்றைக்குத் தள்ளியதா, அத்தனை வருஷம் தள்ளிய பழக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு சந்தேகம் இருந்தது என்பதை மட்டும் மறைக்க மாட்டேன். கற்பூரத்தின் முன்னால் நின்றபோது அது எட்டிப் பார்த்தது. அதை அடக்கினேன். சிரிப்பை அடக்க முடியாதவன், வாயை அடக்க முடியாதவன், அந்த ஒன்றை மட்டும் அழகாக அடக்கினேன்.

இங்கே அம்மா ஒரு சண்டை போட்டாள். உன் நிச்சயதார்த்தத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாள். உனக்கு லீவு கிடைக்காததால் நீ வரவில்லை. "அப்பாவுக்கு லேசான காய்ச்சல், சீக்கிரம் கிளம்பிவிட்டோம்" என்று எழுதினோம். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கன்னிவாடியில் பெண் வீட்டுக் கூடத்தில் தாம்பூலத் தட்டு நடுவில் இருக்கிறது. பெரியவர் ஓலை வாசிக்கிறார். இரண்டு வீட்டாரும் தட்டு மாற்ற எழுந்து நிற்கிறார்கள். நான் கையை நீட்டித் தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து, உரித்து, தின்னத் தொடங்கிவிட்டேன். தின்றுகொண்டே பெண்ணின் அத்தையைப் பார்த்து, "என்னம்மா, நீங்க இப்படி வாத்து மாதிரி நடக்கிறீங்க, பொண்ணும் அப்படித்தானா?" என்று கேட்டேன். உன் மாமனார் நல்ல மனுஷன். "சம்பந்தி வெள்ளனே கெளம்பி வந்துருக்காரு, பசிக்காதா பின்ன" என்று சமாளித்தார். அந்தப் பெண், உனக்கு வரப்போகிறவள், கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள். நான் பழம் நல்ல பழம் என்று சொன்னேனாம்.

மாசியில் அம்மா என்னை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா. முதலில் ஊர், தேதி, யார் பிரதமர் என்று கேட்டார். நான் கடகடவென்று சொல்லிவிட்டு, காலையில் ஏறி வந்த பஸ்ஸின் நம்பரையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா பெருமையாக, "பாத்தீங்களா டாக்டரம்மா, எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள். பிறகு அந்தப் பெண் மேசையைக் காட்டி, "ஐயா, நான் ஒரு தட்டு தட்டுனா நீங்க ரெண்டு தட்டணும். நான் ரெண்டு தட்டுனா நீங்க தட்டவே கூடாது, சும்மா இருக்கணும். எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றார். பிசகாமல் திருப்பிச் சொன்னேன். அவர் இரண்டு தட்டினார். என் கை தட்டியது. "சும்மா இருக்கணும்ல?" என்றார். "ஆமாங்க, தட்டக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தேன். பிடித்த கையும் சேர்ந்து தட்டியது. குழந்தை விளையாட்டு, பாணி. நம் ஊர் பால்வாடிப் பிள்ளைகள் செய்துவிடும். அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் தலையைப் படம் எடுத்தார்கள். மெஷின் மதுரைக்குப் புதிதாக வந்ததாம். பெரிய வளையத்துக்குள் தலையை வைத்துப் படுக்க வேண்டும், அசையக் கூடாது. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டரம்மா காட்டினார். தேங்காயைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தது போல என் மண்டை வரிசையாக இருந்தது. "ஞாபகம் வைக்கிற எடம் ஓரளவு நல்லாவே இருக்குங்க ஐயா. இது நெத்திக்குப் பின்னால உள்ள பக்கம். இங்கதான் மூளை சுருங்கியிருக்கு. இந்தக் கறுப்பெல்லாம் சுருங்கினதால வந்த காலி எடம். எத முதல்ல செய்யணும், எத நிறுத்தணும், எங்க பேசாம இருக்கணும்னு சொல்றது இந்தப் பக்கம்தான்." மருந்து உண்டா என்று அம்மா கேட்டாள். சுருங்கியது விரியாது, போகப் போகக் கூடும் என்றார். "இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல, ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கும். வண்டி கிண்டி ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓட்டுறாருங்க. மலையில ஜீப்பு ஓட்டுறாரு" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். ஐப்பசி அதற்குள்தான் வந்தது.

ஊருக்கு வந்ததும் நேராகப் பேச்சி அத்தை வீட்டுக்குப் போனேன். அவள்தான் அன்றைக்கு என் பக்கத்து சீட்டில் இருந்தாள். "யக்கா, சாமி சத்தியமா சொல்லு, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றேன். ஒடிந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "கியரோ என்ன எழவோ எனக்குத் தெரியாது தம்பி. நீ அந்தக் கம்பியத் தள்ளிவிட்டுட்டு, 'பறப்பமாக்கா'ன்னு சிரிச்ச. எஞ்சின் சத்தம் அப்படியே அடங்கிப்போச்சு. வண்டி பிச்சுக்கிட்டுப் போச்சு." அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கற்பூரத்த அணச்ச பெறகு நான் என்னத்தச் சொல்ல? கூடப் பொறந்தவன் பண்ணுன சத்தியத்தப் பொய்யின்னு ஊருக்குள்ள சொல்லவா?" என்று அழுதாள். ஒடிந்த கையை வைத்துக்கொண்டு எனக்காக வாயை மூடியிருந்திருக்கிறாள்.

பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் பஸ் பிடித்து நானும் அம்மாவும் ராமையாவைத் தேடிப் போனோம். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில், பனியில் காலை வைத்துக்கொண்டு கேரட் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்பானர் பிடித்த கை குளிரில் வெடித்திருந்தது. அம்மா என் மண்டைப் படத்தை உறையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "படம் பாத்து எனக்கென்ன ஆகப்போகுது? நீங்க வருத்தக்காரரு, சீக்காளின்னு இப்பத் தெரியுது, சரி. அன்னைக்குக் கோயில்ல என்னைய என்னா சொன்னீங்க? 'சிலோன்லருந்து தொரத்திவிட்ட பயலுக்கு நம்ம மலை வண்டி கேக்குதா'ன்னு சொன்னீங்களா இல்லையா? அதுவும் மூளை சுருங்குனதாலதானா?" என்று கேட்டார். இதை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன் பார். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள், "விட்டத எழுதுங்க" என்று. பழத்தை எடுத்துத் தின்றது நோய் என்று சொல்லிக்கொள்வேன். இந்த வார்த்தை நோய் கொண்டுவந்து போட்டது இல்லை. அது எனக்குள்ளேயே கிடந்திருக்கிறது. மூடி கழன்றதும் வெளியே வந்தது, அவ்வளவுதான். எந்த மெஷினும் அதைப் படம் எடுக்காது.

கடைசியில் அவர் சொன்னது இது. "கருப்பன் முன்னுக்குக் கதைச்சத கருப்பன் முன்னுக்கே திருப்பிக் கதைங்க. ஊரு கேக்கணும்." சரி என்று வந்தேன். போன வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டி, கற்பூரம் ஏற்றி, கோயில் முன்னால் நின்றேன். வீட்டில் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். யாரோ கூட்டத்திலிருந்து, "என்னய்யா, அன்னைக்கு வண்டி எந்தக் கியர்ல இருந்துச்சுன்னுதான சொல்லப்போற?" என்றான். என் வாய், "செகண்ட் கியர்தான்!" என்றது. சொன்னதோடு நிற்காமல் சிரித்தேன். பத்துப் பேர் சேர்ந்து சிரித்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என் சோலி அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இனி உனக்கு. முதலில் இந்தக் கடிதத்தை அந்தப் பெண்ணிடம் கொடு. அம்மா கூடாது என்கிறாள், இந்தப் பத்திக்கு அவள் தலையாட்டவில்லை. "தாலி கட்டி முடிக்கட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்" என்கிறாள். பைத்தியக்காரன் குடும்பம் என்று அவர்கள் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு நடுக்கம். எனக்கும்தான். ஆனால் ஒருவரிடம் உண்மையைச் சொல்லாமல் வண்டியில் ஏற்றி மலையில் கொண்டுபோவதை நான் ஒரு தடவை செய்துவிட்டேன். நீ செய்யாதே. அவள் எல்லாம் தெரிந்து ஏறட்டும். பிறகு காலத்துக்கும் அவள் "மெதுவாகப் போங்க" என்றால் மெதுவாகப் போ. அவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. எனக்குத் தெரியாதது எல்லாம் உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

என்னிடம் ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல். திட்டினால் திருப்பித் திட்டாதே. எல்லாம் ஞாபகமாகச் சொல்கிறாரே என்று ஏமாந்துவிடாதே, நான் பேச்சில் கெட்டிக்காரன். கல்யாணத்தன்று தட்டு, பழம் எதுவும் என் கைக்கு எட்டக் கூடாது. சாவி கேட்பேன். அழுதாலும் கேட்பேன். கொடுக்காதே.

ஜீப்பை ராமையா ஓட்டுவார். அம்மா தனியாகப் போய் அவரைக் கேட்டுவிட்டு வந்தாள். ஒரு பேச்சுத்தான் பேசினாராம். "கோயில் வரைக்கும் ஓட்டுறன். அங்க உண்மையச் சொல்லலைன்னா சாவிய வச்சிட்டு எறங்கிருவன்." நீயும் அவளும் முன்னால் உட்காருங்கள். நான் பின்னால், பேச்சி அத்தையோடு, சீர் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து வருவேன். கருப்பசாமி கோயிலில் வண்டி நிற்கும், ஊர் நிற்கும். என்னை இறக்கிவிட்டு நானாகச் சொல்கிறேனா என்று பார். சொன்னால் நல்லது. நான் சிரித்தாலும், செகண்ட் கியர் என்று கத்தினாலும், நீ மகன், நீ இந்தக் கடைசி வரிகளை எடுத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி வாசி. நான் குறுக்கே பேசுவேன். நிறுத்தாதே. ராமையாவின் முகத்தைப் பார்த்து வாசி.

பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. வண்டி நியூட்ரல்ல இருந்துச்சு. போட்டது நான். ராமையாண்ணே, நான் பண்ணுன சத்தியம் பொய். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு என் நோய் பொறுப்பில்ல, நான்தான் பொறுப்பு. என்னை மன்னிச்சாலும் மன்னிக்காட்டியும், என் மருமகளப் பத்திரமா வீட்டுல கொண்டு சேத்துருங்க.

அப்பா